விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலியும் பசு: ஈ கடத்தும் சர்ரா

கேள்வி: திருவட்டார் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இரண்டு கலப்பினப் பசுக்கள் வளர்க்கிறேன். இரண்டு மாதம் முன்பு வாங்கிய பசுவுக்கு அடிக்கடி காய்ச்சல். ஊசி போட்டால் விடுகிறது, நாலைந்து நாளில் திரும்ப வருகிறது. தீனி எடுத்தும் மெலிகிறது, பால் பாதியாகிவிட்டது. மழைக்குப் பிறகு ஈத் தொல்லையும் அதிகம். என்ன செய்ய?

பதில்: சர்ராவாக இருக்கலாம். டிரிப்பனோசோமா இவான்சி என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ரத்தத்தில் பெருகுவதால் வரும் நோய் இது. உடல் எதிர்க்கத் தொடங்கியதும் அது தன் மேலுறையை மாற்றிக்கொண்டு மறுபடி பெருகும். காய்ச்சல் அலையலையாக வருவது அதனால்தான். நீங்கள் போடும் காய்ச்சல் ஊசி சூட்டைத் தணிக்குமே தவிர ஒட்டுண்ணியைக் கொல்லாது.

உண்ணியால் வரும் தைலேரியாவிலும் இப்படிக் காய்ச்சல் உண்டு, ஆனால் அதில் நெறி கட்டும், மருந்தும் வேறு. உண்ணியால் வரும் இன்னொரு நோயான பபீசியாவில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஊகித்து மருந்து போடாமல் ரத்தம் பாருங்கள். காய்ச்சல் ஏறியிருக்கும்போதே எடுக்க வேண்டும். தணிந்த நாளில் எடுத்தால் ஒட்டுண்ணி கண்ணில் படாமல் போகும். ஆசனவாயில் வெப்பமானி வைத்து 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கோ சொல்லுங்கள். வட்டமடித்தாலும், சுவரில் தலையை முட்டினாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

நோய் உறுதியானால் மருத்துவர் குயினாபைரமின் அல்லது டைமினசின் போடுவார். எடைக்கேற்ற முழு அளவு முக்கியம். குறைந்தால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணியும் உருவாகும். சினையா என்பதைச் சொல்லுங்கள், பாலை எத்தனை நாள் ஒதுக்குவது என்றும் கேளுங்கள்.

இனி ஈ. கொசுவுக்குள் மலேரியாக் கிருமி வளர்வதுபோல் இந்த ஒட்டுண்ணி ஈக்குள் வளர்வதில்லை. பெரிய மாட்டு ஈ கடிக்கையில் பசு வாலால் விரட்டும்; ஈ பாதி வயிற்றோடு பக்கத்துப் பசுமேல் போய் உட்காரும். வாயில் ஒட்டிய ஈர ரத்தம்தான் நோயைக் கடத்துகிறது, அது சீக்கிரம் காய்ந்துவிடும். ஆகவே நோயுற்ற பசுவைத் தள்ளிக் கட்டுவதே பாதிப் பாதுகாப்பு. இடமிருந்தால் 200 மீட்டர். ஒரே ஊசியை இரண்டு மாட்டுக்குப் போட்டாலும் இதே கதிதான்.

மாட்டு ஈ வெயிலில் கடிக்கும், இருட்டான தொழுவத்துக்குள் நுழையத் தயங்கும். பகல் பத்து முதல் நாலு வரை உள்ளே கட்டுங்கள். ரத்தம் குடிக்கும் இன்னொரு வகையான தொழுவ ஈயோ சாணமும் மூத்திரமும் ஊறிய வைக்கோலில் முட்டையிடும். தினமும் வாரிக் குழியில் போட்டு மூடுங்கள். ஈக்கொல்லி மருந்தான டெல்டாமெத்ரின் தெளித்தால் லேபிள் அளவை மீறாதீர்கள். தெளித்த மாட்டைக் குளத்தில் இறக்கினால் மீன் சாகும்.

இன்னொரு பசு நன்றாகத் தெரிந்தாலும் அதன் ரத்தத்தையும் சேர்த்தே பாருங்கள். அறிகுறி இல்லாமலே அது ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கக்கூடும்.