ஈரல் தழும்புக்கு ஸ்டெம் செல்லும் மஞ்சளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணனுக்கு வயது 46, சாராயப் பழக்கம். ஈரலில் தழும்பு விழுந்து சிரோசிஸ் (ஈரல் இறுகிப்போகும் நோய்) தொடங்கிவிட்டதாக மட்டக்களப்பு கிளினிக்கில் சொன்னார்கள். ஸ்டெம் செல்லையும் மஞ்சளில் எடுக்கும் குர்குமினையும் சேர்த்துக் கொடுத்தால் தழும்பு கரையும் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். காணியை ஈடு வைத்து இந்தியாவுக்குக் கூட்டிப் போகலாமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: காணியை ஈடு வைக்க வேண்டாம், தங்கச்சி.

வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. ஈரலில் ஸ்டெல்லேட் செல்கள் என்று ஒரு வகை உண்டு, சாதாரண நாளில் விற்றமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா கிடக்கும், ஆனால் குடியாலோ கொழுப்பாலோ ஹெபடைடிஸ் வைரஸாலோ ஈரல் ஓயாமல் காயப்பட்டால் குணம் மாறிக் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டத் தொடங்கும், அதுதான் தழும்பு. ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். எலும்பு மச்சையிலோ தொப்புள்கொடியிலோ எடுக்கும் மெசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்கள் புது ஈரலாக வளர்வது மிகக் குறைவு. அவை சுரக்கும் பொருட்கள் அழற்சியை அடக்குவதுதான் முக்கியப் பலன். குர்குமின், சிலிமரின் (ஒரு முட்செடி விதையின் சத்து) போன்றவை சேர்ந்தால் செலுத்திய செல்கள் கூடுதலாகப் பிழைக்கும் என்பது எண்ணம். எலிகளில் இரண்டும் சேர்ந்தபோது தழும்பு அதிகம் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு.

ஆனால் அந்த எலிகளில் பலவற்றுக்கு ஈரல் கெட்டது கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சால். நஞ்சை நிறுத்தினாலே எலியின் ஈரல் தானாகத் தேறத் தொடங்கும்! மனிதரில் செல்லை மட்டும் கொடுத்துப் பார்த்த முடிவுகளே ஒன்றுக்கொன்று முரண். தென்கொரியாவில் குடியால் சிரோசிஸ் வந்த 72 பேரிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வில் தழும்பு குறைந்தது. பிரித்தானியாவில் 81 பேரிடம் வேறு வகை ஸ்டெம் செல்லை வைத்துச் செய்து 2018-இல் வெளியானதில் பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது. இந்த நிலையில் காசு வாங்கிக்கொண்டு குணமாக்குகிறேன் என்பவரை நான் நம்பமாட்டேன்.

அண்ணனுக்கு இன்று செய்யக்கூடிய பெரிய வைத்தியம் குடியை நிறுத்துவது. அதையும் நாளைக்கே வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம், தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம், டொக்டரிடம் சொல்லி மருந்தோடு நிறுத்துங்கள். உணவுக்குழாயில் இரத்தக் குழாய் வீங்கியிருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்ய வேண்டுமா என்றும் கேளுங்கள், அது வெடித்தால் இரத்த வாந்தி வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், கட்டி வளர்கிறதா என்று பார்க்க.

கேள்வி: அப்பாவுக்குக் கொழுப்பு ஈரல். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் குளிசை தினமும் போடுகிறார். நல்லதுதானே?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நிறுத்தச் சொல்லுங்கள். கறிக்குப் போடும் மஞ்சளில் பயமில்லை, அதில் குர்குமின் கொஞ்சம்தான், அதுவும் உடம்பில் சரியாக ஏறாது. குளிசையில் அளவும் அதிகம், மிளகிலுள்ள பைப்பரின் அதை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றியும் விடும். அமெரிக்காவில் மஞ்சள் குளிசையால் ஈரல் பாதித்த 10 பேரின் விவரத்தை டொக்டர்மார் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒருவர் இறந்துவிட்டார். அப்பாவுக்குக் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், குளிசைப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.