ஏஎஸ்/400 கோப்பு சிஎஸ்வியாக மாற மறுத்தால்

கேள்வி: மண்டபத்தில் இறால், கணவாய், நண்டு கொள்முதல் செய்யும் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் வணிகக் கணினியிலுள்ள கொள்முதல் கோப்பைத் தணிக்கைக்காக சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) எடுத்தால், மீன்பிடித் தடைக்காலப் பதிவுகளை எட்டியதும் சிபிஎஃப்2817 என்ற செய்தியுடன் நின்றுவிடுகிறது. மற்ற மாதங்கள் வெளிவந்தாலும் படகுப் பெயர்கள் புரியாத குறிகளாக இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இவை இரண்டு தனித்தனிப் பழுதுகள். சிபிஎஃப்2817 என்பது நகலெடுப்பு நின்றுவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். காரணம், இயந்திரம் செய்திகளைக் குறித்துவைக்கும் பணிப்பதிவேட்டில் அதற்கு முந்தைய வரிகளில் இருக்கும். அங்கே சிபிஎஃப்5035 போன்ற தரவுப் பொருத்தப் பிழை தென்பட்டால், பெரும்பாலும் எண் புலத்தில் (எண்ணுக்கென ஒதுக்கிய கட்டத்தில்) எண் அல்லாத ஒன்று அமர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாததால், அந்நாள்களின் பதிவில் எடைப் புலம் பூஜ்யமாக இல்லாமல் வெற்றிடமாக எழுதப்பட்டிருக்கக் கூடும் என்று கருதுகிறேன். இந்த இயந்திரம் எழுத்துகளைச் சேமிக்கும் எப்சிடிக் முறையில் வெற்றிடத்தின் குறியீடு பதினறும எண்ணில் 40, பூஜ்யத்தினுடையது எஃப்0. எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழி வழி உருவாக்கிய அட்டவணை தவறான எண்ணை எழுதும்போதே தடுத்துவிடும். டிடிஎஸ் என்ற பழைய கோப்பு வரையறை முறை வழி உருவாக்கிய கோப்போ படிக்கும்போதுதான் சோதிக்கிறது. அதனால்தான் பதிவு செய்த நாளில் யாருக்கும் தெரியாத பிழை, கோப்பை வெளியே எடுக்கும் நாளில் தலைதூக்குகிறது. நகலெடுப்புக் கட்டளையை எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் இது தீராது.

முதலில் கோப்புக்குக் காப்பு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எஸ்கியூஎல்லில் பதினறுமக் குறியீட்டைக் காட்டும் ஹெக்ஸ் சார்பைக் கொண்டு எடைப் புலத்தைப் பார்த்து, 40 என்று நிரம்பியிருக்கும் பதிவுகளை ஆர்ஆர்என் எனப்படும் பதிவு வரிசை எண்ணோடு பட்டியலிடுங்கள். அவற்றில் பூஜ்யம் இடுவதா, பதிவையே நீக்குவதா என்பதைக் கணக்கரே முடிவு செய்ய வேண்டும். பூஜ்ய எடை சராசரியைக் குறைத்துக் காட்டிவிடும். பதிவு நிரலையும் திருத்தச் சொல்லுங்கள், இல்லையேல் அடுத்த தடைக்காலத்திலும் இதுவே நேரும்.

இனி இரண்டாவது பழுது. பெயர்ப் புலத்தின் சிசிஎஸ்ஐடி எனப்படும் எழுத்துக் குறியீட்டு எண் 65535 என்றிருந்தால், எழுத்தை மாற்றாதே என்று பொருள்; எப்சிடிக் எழுத்து அப்படியே கணினிக்குப் போய்விடுகிறது. பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தால் நகலெடுப்புக் கட்டளையில் மூலக் குறியீடாக ஆங்கில எப்சிடிக்குரிய 37, இலக்காக யூடிஎஃப்-8க்குரிய 1208 எனக் கொடுங்கள். 37இல் தமிழெழுத்துக்கு இடமில்லை என்பதால், தமிழ்ப் பெயர்களுக்கு யூனிகோடு புலமே தேவை. பழைய சிஎஸ்வி கோப்பின் மேல் எழுதினால் அதன் பழைய குறியீடே நீடிக்கக் கூடுமாதலால், புதிய பெயரில் எடுங்கள். எக்செலில் நேராகச் சொடுக்கித் திறக்காமல், தரவை உள்ளிடும் வசதியில் யூடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001 குறியீட்டைத் தேர்ந்தெடுத்துத் திறப்பது நல்லது.