வாசகர் கேள்வி – பதில்: பூ வரைந்த வானியலாளர்

கேள்வி: சென்ற இதழில் ஹெர்ஷலை ‘வானியலாளர், தாவரவியலாளர்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். யுரேனஸைக் கண்டுபிடித்தவர் என்றுதான் என் மகள் பள்ளியில் படித்திருக்கிறாள். தாவரவியல் அவருக்கு வெறும் பொழுதுபோக்குதானே?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர் தந்தை வில்லியம் ஹெர்ஷல். நாம் குறிப்பிட்டது 1792இல் பிறந்து 1871இல் மறைந்த மகன் ஜான் ஹெர்ஷலை. நம் வழக்கப்படி தந்தை பெயரை முன்னெழுத்தாக இட்டு ‘வி. ஜான்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

தந்தை இங்கிலாந்திலிருந்து துழாவிப் பட்டியலிட்ட வானத்தின் எஞ்சிய தென்பகுதியைத் தாம் முடிக்க வேண்டும் என்று கருதிய ஜான், 1833 நவம்பரில் மனைவி மார்கரெட்டுடனும் மூன்று குழந்தைகளுடனும் கப்பலேறி, அடுத்த ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனை அடைந்தார். ஊருக்கு வெளியே ஃபெல்ட்ஹவுசன் என்ற பண்ணை வீட்டில் 20 அடித் தொலைநோக்கியை நிறுத்தினார். அதன் ஆடி இன்றுள்ளதுபோல் கண்ணாடியால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து மெருகேற்றிய, 18 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள உலோக வட்டு. அது விரைவில் மங்கிவிடும் என்பதால் மூன்று ஆடிகளைக் கொண்டுசென்று, ஒன்று மங்கியதும் மற்றொன்றைப் பொருத்தி, கழற்றியதைத் தாமே மெருகேற்றிக்கொண்டார். நான்கு ஆண்டு உழைப்பின் பயனாக 1847இல் வெளிவந்த அவருடைய நூலில் 1,700க்கும் மேற்பட்ட விண்முகில்களும் (தொலைநோக்கியில் மங்கிய புகைபோல் தெரியும் நெபுலாக்கள்) விண்மீன் கூட்டங்களும், 2,100க்கும் மேற்பட்ட இரட்டை விண்மீன்களும் இடம்பெற்றன.

இவையெல்லாம் இரவு வேலை. பகலில் அவர் மலைச்சரிவுகளில் கிழங்குச் செடிகளைத் தேடிக் கொணர்ந்து தோட்டத்தில் நட்டார். அவை பூத்தபோது ‘கேமரா லூசிடா’ என்ற கருவியின் துணையோடு வரைந்தார். தண்டின் முனையில் பொருத்திய சிறு கண்ணாடிப் பட்டகம்தான் (பிரிசம்) அந்தக் கருவி. அதன் விளிம்பருகே கண்ணை வைத்தால், எதிரே இருக்கும் பூ கீழே விரித்த தாளின்மேல் படிந்திருப்பதுபோல் தோன்றும். அந்த உருவத்தின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். தலை இம்மியளவு அசைந்தாலும் கோடு பிசகிவிடும். அவர் கோடுகளை இழுத்து முடித்த பின், மார்கரெட் வண்ணம் தீட்டினார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய 130க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இன்றும் உள்ளன.

செடிகளை இனம்பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலில் ஜானுக்குப் பெரிய இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் தாளில் இறக்குவது என்ற ஒரே பயிற்சியைத்தான் அவர் பூவிடமும் விண்முகிலிடமும் செய்தார். தாவரவியலாளர்களும் அவரை மறந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் நீல ஆர்க்கிட்களுக்கு ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி 1838இல் ‘ஹெர்ஷலியா’ என்று பெயரிட்டார். பின்னாளில் அவை ‘டைசா’ என்ற பேரினத்துள் சேர்க்கப்பட்டன. வாண்டா மிஸ் ஜோக்கிமைத் தேசிய மலராகக் கொண்ட சிங்கப்பூரர்களான நமக்கு, ஆர்க்கிட் ஒன்று ஒருவரின் பெயரைச் சுமப்பது புதிதன்று.

கேள்வி: புகைப்படக்கலையிலும் அவருக்குப் பங்குண்டா?
– வாசகர், ஈசூன்

பதில்: உண்டு, அதுவும் பெரும் பங்கு. வெள்ளி உப்புகளைக் கரைக்கும் ‘ஹைப்போ’ என்ற வேதிப்பொருளின் தன்மையை அவர் 1819இலேயே கண்டறிந்திருந்தார், இருபது ஆண்டுகளுக்குப் பின், ஒளிபடாமல் எஞ்சிய வெள்ளி உப்பை நீக்கிப் படங்களை நிலைநிறுத்த அதுவே கைகொடுத்தது. பூக்களின் மீதான ஆசை இங்கும் அவரை விடவில்லை. இதழ்களை அரைத்துப் பிழிந்த சாற்றைத் தாளில் பூசி, வெயிலில் நாள்கணக்கில் வைத்து, ஒளி பட்ட இடம் வெளுப்பதால் உருவாகும் படங்களை ஆராய்ந்தார். 1842இல் இரும்பு உப்புகளைக் கொண்டு அவர் கண்ட நீலப்பட முறையைப் பயன்படுத்தி, அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளின் படங்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். கட்டட வரைபடத்தை ‘புளூபிரிண்ட்’ என்கிறோமே, அந்த நீலமும் இதிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: அவர் கேப் டவுனில் பார்த்தவற்றைச் சிங்கப்பூரிலிருந்து பார்க்க முடியுமா?
– தொடக்கக் கல்லூரி மாணவர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே இருப்பதால், அவர் கண்ட தென்வானத்தின் பெரும்பகுதி நமக்கும் எழுகிறது, நகர வெளிச்சம்தான் தடை. தென்வானில் மங்கிய முகில்போல் தெரியும் அண்டை விண்மீன் மண்டலங்களான மெகல்லன் முகில்களை இந்த வெளிச்சத்தில் எதிர்பார்க்க வேண்டாம். ஈட்டா கரீனே என்ற விண்மீனைத் தேடிப் பாருங்கள். 1837 டிசம்பரில் ஓர் இரவு, வழக்கமாகப் பார்த்துவந்த அந்த விண்மீன் திடீரென ஒளி பெருகியிருப்பதை ஹெர்ஷல் கண்டார். 1843இல் அது சிரியஸுக்கு அடுத்த ஒளிமிக்க விண்மீனாக உயர்ந்து, பிறகு வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கியது. ஏறத்தாழ 7,500 ஒளியாண்டு தொலைவில் உள்ள அது இப்போது ஓரளவு மீண்டிருக்கிறது. மே மாதத்தில் இரவு எட்டு, ஒன்பது மணி வாக்கில், தெற்கு நோக்கிய உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்திலிருந்தே, அடிவானத்துக்கு மேல் சுமார் 30 பாகை உயரத்தில், தென்சிலுவைக்கு வலப்புறமாகத் தேடலாம். இருகண் நோக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; தாழ்வார விளக்கை மறைத்துக்கொண்டு நிற்பது அதைவிட முக்கியம்.