ஒட்டுத்துணிப் போர்வை: வாசகர் கேள்வி – பதில்

வெட்டுத் துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. அளவெல்லாம் இஞ்சில். அளவாக ‘நூல்’ என்று வரும் இடத்தில் தையல்காரர் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 8 நூல் ஓர் இஞ்ச்.

ஆறரை இஞ்ச் சதுரங்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்து 15 வரிசை தைத்தேன். மேல்துணி அகலத்தில் ஓர் இஞ்சுக்கு மேலும் நீளத்தில் ஒன்றே முக்கால் இஞ்சும் குறைகிறது. மூலைகளும் சேரவில்லை. எங்கே தப்பு?
– வாசகி, ஈரோடு

தையலுக்கு விடும் கால் இஞ்சில். கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். நீங்கள் இரண்டரை நூல் பிடித்திருக்கிறீர்கள். அரை நூல்தானே என்று தோன்றும். ஆனால் சேரும் இரண்டு துணியிலும் அரை அரையாக, ஒரு தையலுக்கு ஒரு நூல் போகிறது. குறுக்கே 9 தையல், 9 நூல். நெடுக்கே 14 தையல், 14 நூல், அதாவது ஒன்றே முக்கால் இஞ்ச். நீங்கள் எழுதிய கணக்கேதான்.

மெஷின் காலின் விளிம்பை நம்பித் தைத்தால் இப்படித்தான் வரும். எல்லா மெஷினிலும் அந்த விளிம்பு ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்சில் இருக்காது. ஊசியைக் கீழே இறக்கி, அதிலிருந்து வலப்பக்கம் ஸ்கேலில் இரண்டு நூல் அளந்து, தகட்டின்மேல் பிளாஸ்திரியை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணி அந்தத் திட்டை உரசிக்கொண்டே போகும். பிறகு சோதனை: இரண்டரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, நீளவாட்டில் இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். மிகச் சரியாக 2 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் பிளாஸ்திரியை ஊசிப் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள், கூடினால் எதிர்ப்பக்கம்.

மூலை சேராததற்குக் காரணம் இஸ்திரி. முதல் வரிசையில் தையல் மடிப்புகள் எல்லாம் வலப்பக்கம் படிந்தால், அடுத்த வரிசையில் இடப்பக்கம் படிய வேண்டும். இரண்டு வரிசையையும் வைத்துத் தைக்கும்போது அந்தத் திட்டுகள் எதிரெதிரே முட்டி உட்காரும். விரலால் தடவினாலே தெரியும். அங்கே ஒரு குண்டூசி குத்துங்கள். பிளவுஸில் செய்வதுபோல மடிப்பை இருபக்கமும் விரித்துவிட வேண்டாம். விரித்தால் பாரமெல்லாம் நூலின்மேல் விழும், இடுக்கு வழியே பஞ்சும் எட்டிப்பார்க்கும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். கோணலாக இழுபட்ட சதுரம் திரும்பச் சதுரமாகாது.

தைத்ததைப் பிரிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கண்ணை உறுத்தும் மூலைகளை மட்டும் பிரியுங்கள். யாரும் டேப் வைத்து அளந்து பார்த்துப் போர்த்திக்கொள்வதில்லை.

60க்கு 90 இஞ்ச் போர்வைக்கு எவ்வளவு துணி?
– வாசகி, சிவகாசி

ஆறரை இஞ்சில் வெட்டிய சதுரம் தைத்தபின் 6 இஞ்ச். ஆக 150 சதுரம். 44 இஞ்ச் அகலத் துணியில் ஒரு வரிசைக்கு 6 வரும். 25 வரிசைக்கு 162½ இஞ்ச், ஏறக்குறைய நாலேகால் மீட்டர். பல துணிகளிலிருந்து வெட்டுவதானால் துண்டு மிச்சம் விழும், 5 மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்துணி நாலு பக்கமும் 3 இஞ்ச் கூடுதலாக, 66க்கு 96 வேண்டும். அதற்கு ஒரு பருத்திப் புடவை போதும். ஐந்தரை மீட்டரைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கரைகளை நீக்கி, நீளவாட்டில் இணைத்தால் சரியாக இருக்கும். கரையோடு இணைத்தால் துவைத்தபின் அந்தத் தையல் நெடுகச் சுருக்கம் விழும். கரையின் நெசவு உடலைவிட நெருக்கம்.

திருப்பூர் பனியன் துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. புடவைத் துண்டுகளோடு கலக்கலாமா?
– வாசகர், அவிநாசி

வேண்டாம். பனியன் துணி பின்னல், புடவை நெசவு; ஒன்று இழுபடும், ஒன்று இழுபடாது. ஓரிரு துவைப்பில் பனியன் சதுரங்கள் தொப்பைபோலத் தொங்கும். ஆசை விடவில்லையென்றால், பனியன் துண்டுகளின் பின்புறம் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை ஒட்டி, அதற்குப் பிறகு வெட்டுங்கள். செலவு கூடும்.

பழைய புடவையில் வெட்டுவோர் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவத்தின் அடியும், உட்காரும் இடமும்தான் முதலில் நைந்திருக்கும். சந்தேகமான இடத்தை இரு கைக் கட்டைவிரலாலும் பிடித்து இழுங்கள். ‘பர்’ என்றால் அது கரித்துணிக்குத்தான்.

சுங்குடிச் சிவப்பு, முதல் துவைப்பிலேயே வெள்ளைச் சதுரங்களில் ஏறிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வெட்டினேன்.
– வாசகி, மதுரை

முதலில் ஒன்று: போர்வையை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரியும் வேண்டாம். காய்ந்துவிட்டால் கறையை எடுப்பது கடினம். சோப்புத்தூள் கலந்த வெந்நீரில், முழுதாக முங்கும்படி, பெரிய அண்டாவில் இரவு முழுக்க ஊறட்டும். தண்ணீர் தாராளமாக இருந்தால்தான் வெளியேறிய சாயம் துணியில் திரும்ப ஒட்டாமல் நீரிலேயே நிற்கும். சிவப்பு நீரைக் கொட்டிவிட்டு, தெளியும்வரை இதையே செய்யுங்கள்.

உப்பு சாயத்தைக் கட்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. சாயம் போடும்போது இழையில் ஏற்ற உப்பு உதவுகிறது, உண்மைதான். ஆனால் கட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை அது பிடித்து வைக்காது. அந்த மிச்சம் வெளியேறத்தான் வேண்டும். வெட்டும் முன்பே ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக அலசுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துண்டை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்வரை அலசல்தான். மூன்று முறைக்கும் அடங்காத துணியை இந்தப் போர்வைக்கு எடுக்காதீர்கள்.

உள்ளே இலவம்பஞ்சு வைக்கலாமா?
– வாசகி, போடிநாயக்கனூர்

தலையணைக்கு வையுங்கள். அதன் இழை வழுவழுப்பு, ஒன்றையொன்று பற்றாது. நாலு நாளில் ஒரு மூலைக்கு ஓடிவிடும். சமவெளி ஊர்களுக்கு இரண்டு பழைய வேட்டி அடுக்கினாலே போதும். மலைப்பக்கக் குளிருக்கு, விரிப்பாக வரும் பாலியஸ்டர் பஞ்சோ பழைய மெல்லிய கம்பளியோ வைக்கலாம். எதை வைத்தாலும், அடுக்குகளைச் சேர்க்கும் தையல் வரிகளின் இடைவெளி நாலு இஞ்சுக்குள் இருக்கட்டும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தபின் புரட்டிப் பார்த்தால் அடித்துணி முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

அடித்துணி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். கட்டிலில் விரித்து அடுக்கினீர்களா? தரையில் செய்யுங்கள். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, விளிம்புகளை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். விறைப்பாக நிற்க வேண்டும். ஆனால் இழுத்துக்கட்டக் கூடாது, டேப்பை எடுத்ததும் அது சுருங்கிக்கொள்ளும். மேலே பஞ்சு, அதற்கு மேல் சதுரத்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிவிட்டு ஊக்குக் குத்துங்கள். மூடிய கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது தட்டுப்பட வேண்டும். அப்படிப் பார்த்தால் முந்நூறு ஊக்குக்கு மேல் தேவைப்படும். இல்லையென்றால், பிறகு பிரித்துவிடும் நீளக் கச்சாத் தையல் போடுங்கள். நாலு இஞ்சுக்கு ஒரு வரி.

மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி, இஞ்சுக்கு 8 தையல். அடியில் பல் துணியை முன்னே தள்ளும். மேலே கால் அழுத்திப் பிடிக்கும். அதனால் மேல்துணி பின்தங்கிச் சுருளும். கால் அழுத்தத்துக்கான திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் இது பாதி குறையும். முதல் வரி நடுவில் போட வேண்டும், பிறகு ஓரங்களை நோக்கி.

ஓரப்பட்டியின் மூலை கூராக வராமல் உருண்டு நிற்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

இரண்டரை இஞ்ச் அகலப் பட்டி, நேர்வெட்டே போதும். சாய்வாக வெட்டிய ‘கிராஸ் பீஸ்’ வளைந்த ஓரத்துக்குத்தான். சுற்றளவு 300 இஞ்ச், கூட 12 சேர்த்து 312. 44 இஞ்ச் துணியில் 8 பட்டி, 60 செ.மீ. வாங்குங்கள். பட்டிகளைச் சாய்வாக இணைத்தால் தடிப்பு ஒரே இடத்தில் குவியாது.

பட்டியை இரண்டாக மடித்து, வெட்டு ஓரங்கள் போர்வை ஓரத்தோடு சேர வைத்துத் தையுங்கள். மூலைக்கு இரண்டு நூல் இருக்கும்போதே நிறுத்தி, நூலை அறுத்துவிடுங்கள். பட்டியை நேர் மேலே மடித்தால் மூலையில் ஒரு சாய்கோடு விழும். அதை விரலால் அழுத்திக்கொண்டு பட்டியை அப்படியே கீழே மடியுங்கள். மேல்மடிப்பு, போர்வையின் மேல் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். அந்த விளிம்பிலிருந்தே அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். மூலைவரை தைத்துவிட்டுத் திருப்புவதால்தான் உருள்கிறது.

அளவு, மெஷின் எதுவும் இல்லாமல் கையாலேயே தைக்க வழி உண்டா?
– வாசகி, கோயம்புத்தூர்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் ‘சித்தி’ எனும் ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ போர்வையைப் பாருங்கள். அடியில் பழைய புடவை. ஒரு மூலையில் தொடங்கி, கையில் வந்த துண்டின் விளிம்பை உள்ளே மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்தே ஓட்டத் தையல் போடுவார்கள். ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடியும். வெளி விளிம்பு தொடக்கத்திலேயே மடிக்கப்பட்டுவிடுவதால் ஓரப்பட்டி கிடையாது. சதுரம் அளக்கும் வேலையும் இல்லை. முடித்தபின் நாலு மூலையிலும் சிறு துணியை முக்கோணமாக மடித்துப் பல அடுக்காகத் தைப்பார்கள். அதற்குப் பெயர் ‘பூலா’, பூ.