தனிக் கச்சேரி வயலினுக்கு எந்தத் தந்தி?

கேள்வி: கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன், சுருதி இரண்டரைக் கட்டை. தனிக் கச்சேரிக்கென்று விலை கூடிய ‘சோலோ’ செட் வாங்கிப் போட்டேன். முதல் இரண்டு தந்திகளும் சப்பென்று இருக்கின்றன; வில்லை அழுத்தினால் கரகரக்கின்றன. செட் கோளாறா?

பதில்: செட்டைச் சந்தேகிக்கும் முன் உங்கள் சுருதியைக் கணக்கில் எடுங்கள். வழக்கமான செட்டுகள் மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-ஈ (நான்காம் தந்தி ஜி, முதல் தந்தி ஈ) என்று கூட்டுவதற்காகச் செய்யப்படுபவை. இரண்டரைக் கட்டையில் ஸ-ப-ஸ-ப கூட்டும்போது மூன்றாம், நான்காம் தந்திகள் நான்கு ஸ்வரஸ்தானம் (ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளில் நான்கு) இறங்குகின்றன. முதல் இரண்டும் ஆறு. ஆறு இறங்கினால் தந்தியின் இழுப்பு சரிபாதி. நான்கு இறங்கினால் 63 சதவீதம். தொய்ந்த தந்தி வில்லின் கனத்தைத் தாங்காது, அதனால்தான் கரகரப்பு. விரலைச் சற்று அழுத்தினாலே சுருதி ஏறிவிடும் என்பதால் கமகமும் கெடும்.

ஐந்து கட்டையில் வாசிப்பவருக்கு இதே செட் கணீரென்று பேசும். அவருக்கு முதல் இரண்டு தந்திகள் மட்டும் இரண்டு ஸ்தானம் இறங்குகின்றன. அடுத்தவர் சிபாரிசில் தந்தி வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

பெட்டியில் ‘மிட்டல்’ என்றிருந்தால் நடுத்தர இழுப்பு, ‘ஸ்டார்க்’ என்றால் கூடுதல். தடிமன் மட்டும் உங்கள் குறையைத் தீர்க்காது: வெறும் எஃகு ஈ தந்தியை 0.26 மி.மீ.இலிருந்து 0.27க்கு மாற்றினால் கிடைப்பது சுமார் 8 சதவீதம்தான். இடம் மாற்றிப் போடுவதே பலன் தரும். இரண்டாம் தந்தியாக டி, முதல் தந்தியாக ஏ. இரண்டும் தமக்குரிய சுருதியிலிருந்து ஒரே ஒரு ஸ்தானம் ஏறும். இழுப்பு 12 சதவீதம் கூடும், அவ்வளவே. முதலில் தனியாக ஒரு டி மட்டும் வாங்கி இரண்டாவதாகப் போட்டுப் பாருங்கள். பிடித்தால் ஏ வாங்கலாம். இப்படி இடம் மாற்றிப் போட, குதிரையிலும் (தந்திகளைத் தாங்கும் மரப்பாலம்) நட்டிலும் (கழுத்தின் நுனியில் தந்திகள் படியும் கட்டை) உள்ள காடியை, அதாவது தந்தி உட்காரும் பள்ளத்தை, வயலின் பழுது பார்ப்பவரிடம் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும். எஃகுத் தந்தியின் ஒலிக் கூர்மை குறையும், நாதம் தடிக்கும்.

‘சோலோ’ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். மைக் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவை மீறிக் கேட்க வேண்டிய வாத்தியத்தை நினைத்து வைத்த பெயர் அது. சபா மேடையில் மைக் உண்டு. கூர்மையான எஃகுத் தந்தி அதில் காதைக் குத்தும். 1970இல் வந்த டாமினன்ட் போன்ற செயற்கை இழைத் தந்தியே எங்கள் தேர்வு.

கேள்வி: தந்தி தேய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரே விரலை முதல், இரண்டாம் தந்திகளின் மேல் நேர்குறுக்காக வைத்து இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ஸ-ப போலச் சேர வேண்டும். திறந்த தந்திகள் சேர்ந்தும், விரல் வைத்த இடத்தில் சேராவிட்டால் இரண்டில் ஒன்று தேய்ந்திருக்கிறது. மூன்று, நான்கிலும் இப்படியே பாருங்கள். இரண்டு, மூன்றில் இந்தச் சோதனை வேறு மாதிரி. அங்கே இருப்பது ஸ-ப உறவு இல்லை, ப-ஸ.

மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் குதிரை சாயும், உள்ளே இருக்கும் ஒலித்தண்டும் விழலாம். காடிகளில் பென்சில் முனையைத் தேய்த்தால் தந்தி சிக்காமல் நகரும். செயற்கை இழை சுருதியில் நிலைக்கச் சில நாள் பிடிக்கும். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.