அட்ரினல் டெஸ்டுக்கு முன் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மூட்டுவாதத்துக்காக இரண்டு வருடமாக ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது தினம் காலையில் 5 மில்லிகிராம். ‘ஏசிடிஎச் ஸ்டிமுலேஷன் டெஸ்ட்’ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாள் முன்பு மாத்திரையை நிறுத்த வேண்டும்? அந்த ஊசியால் ஆபத்து உண்டா?

பதில்: நாள் கணக்கில் நிறுத்தவே கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போகும். அந்த நேரத்தில் மாத்திரை சட்டென்று நின்றால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுரப்பி விழித்துக்கொண்டதா என்று தட்டிப் பார்ப்பதுதான் இந்த ஊசி. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டச் சுரக்கும் ஏசிடிஎச் ஹார்மோனில் 39 அமினோ அமிலங்கள் உண்டு. முதல் 24-ஐ மட்டும் செயற்கையாகக் கோத்த மருந்து சினாக்தென். 250 மைக்ரோகிராம் போட்டு, ஊசிக்கு முன்பும், 30, 60 நிமிடங்களிலும் ரத்தம் எடுப்பார்கள். இந்தியாவில் அது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் பல இடங்களில் ஆக்டன் ப்ரொலாங்கேட்டம் என்ற ஏசிடிஎச் ஊசியைத் தசையில் போடுகிறார்கள். அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசால், ஒரு டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராமைத் தாண்டினால் சுரப்பி வேலை செய்கிறது என்பது பழைய கணக்கு. புதிய பரிசோதனைக் கருவிகளில் இந்த எல்லை இன்னும் குறைவு. அதனால் ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் முடிவு கட்டாதீர்கள்.

ரத்தத்தில் இருக்கும் ப்ரெட்னிசலோனையும் சில கருவிகள் கார்டிசால் என்றே எண்ணிவிடும். அதற்காகத்தான் வழக்கமாக 24 மணி நேர இடைவெளி விடச் சொல்வோம். முந்தின நாள் காலை மாத்திரையை வழக்கம்போல் போடட்டும். டெஸ்ட் அன்று மாத்திரையைக் கைப்பையில் கொண்டுபோங்கள். கடைசி ரத்தம் எடுத்த கையோடு விழுங்கிவிடலாம். இதையும் உங்கள் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊசியால் ஒவ்வாமை வருவது அபூர்வம். ஆஸ்துமாவோ மருந்து அலர்ஜியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பலரும் சொல்ல மறப்பது முட்டியில் போட்ட ஸ்டீராய்டு ஊசியை. அதுவும் சில வாரங்களுக்குச் சுரப்பியை அமுக்கி வைக்கும். இன்ஹேலர், தோல் களிம்பு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் கேளுங்கள்: காலை 8 மணி கார்டிசால் பார்த்தாகிவிட்டதா? அது 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இந்த ஊசியே தேவைப்படாது.

ரிப்போர்ட் வருவதற்குள் காய்ச்சலோ வாந்தியோ வந்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் காத்திருக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததுமே, “இரண்டு வருடமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்” என்று சொல்லிவிடுங்கள்.