அசைவின் எண்கள் யார் கையில்?

கேள்வி: அரும்பொருளகம் ஒன்றின் தொடுதிரைக்கு நான்கு மொழிகளில் காட்சிகள் வடிவமைக்கிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்டச் செயலியில் நான் செய்த அசைவு புரோகிராமரிடம் போய்த் திரும்பும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. தமிழ் எழுத்துகளும் உடைகின்றன. நானும் புரோகிராமிங் படிக்க வேண்டுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முழுதாகப் படிக்க வேண்டாம். ஆனால் அசைவின் எண்கள் உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான்.

‘12 ஃபிரேம்’ என்று குறித்து அனுப்பினால், வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் காட்சியில் அது 500 மில்லிவினாடி. 60 ஃபிரேமில் ஓடும் திரையில் அதே 12 ஃபிரேம் 200 மில்லிவினாடியில் முடிந்துவிடும். எப்போதும் மில்லிவினாடியிலேயே சொல்லுங்கள். அசைவு எங்கே வேகமெடுக்கிறது, எங்கே தளர்கிறது என்று காட்டும் வேக வளைவும் அப்படித்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எஃப்9 தட்டினால் வரும் ஈஸி ஈஸின் வளைவு 0.33, 0, 0.67, 1. இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் வெறும் ‘ஈஸ்’ என்று போட்டால் கிடைப்பது 0.25, 0.1, 0.25, 1, சட்டென்று கிளம்பி, கடைசியில் இழுத்து நிற்கும். பெயர் ஒத்திருப்பதால் புரோகிராமர் அதைப் போட்டிருக்கக்கூடும். நான்கு எண்களையும் எழுதிக் கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

இன்னும் நல்ல வழி, இந்த எண்களுக்கென்று ஜேசன் (JSON) என்ற எளிய உரைக் கோப்பு ஒன்று. கால அளவுகள், வளைவுகள், தாமதங்கள் என்று பத்துப் பதினைந்து மதிப்புகள் போதும். நிரல் முழுவதும் அங்கிருந்துதான் படிக்க வேண்டும். உதாரணமாக, 400 மில்லிவினாடி என்று கோப்பில் வைத்தால், அந்த 400 நிரலுக்குள் வேறெங்கும் நேரடியாக இருக்கக் கூடாது. அந்தக் கோப்பைத் திருத்தி, மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) அமைப்பில் கமிட் செய்யும், அதாவது பதிவு செய்யும், உரிமையை நீங்களே கேட்டு வாங்குங்கள். நீங்கள் படிக்க வேண்டியது இந்த அளவுக்குத்தான்: மாறி, நிபந்தனை, நிகழ்வு, கமிட்.

ஒரே கோப்பில் இருவரும் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை ஃபிளாஷ் என்ற பழைய அசைவூட்டச் செயலி காட்டிவிட்டது. 2000இல் ஃபிளாஷ் 5 ஆக்ஷன்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியோடு வந்தபோது, டிசைனர்கள் பொத்தானிலும் ஃபிரேமிலும் நேரடியாக நிரல் எழுதினார்கள். அருமையான சுதந்திரம் அது. ஆனால் நிரல் எந்த ஃபிரேமில் ஒளிந்திருக்கிறது என்று தேடவே நேரம் போனது. இருவர் செய்த மாற்றங்களை ஒன்றுசேர்ப்பதும் பெரும்பாடு. 2006இல் வந்த ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3 பொத்தான்மேல் நிரல் வைப்பதையே நிறுத்தியது. ஆகவே வேலை கலக்கட்டும், கோப்பு மட்டும் கலக்க வேண்டாம்.

டைம்லைனில் தெரியாத ஒன்றையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அசைவு பாதியில் இருக்கும்போது ஒருவர் மறுபடி தொட்டால்? திரும்பிப் போவதா, முடியும்வரை காத்திருப்பதா, உடனே அடுத்ததுக்குத் தாவுவதா? நீங்கள் சொல்லாவிட்டால் புரோகிராமர் தமக்குத் தோன்றியதைச் செய்வார். பிறகு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. தொட்டால் மாறும் அசைவுகளை உருவாக்கும் ரைவ் போன்ற கருவியில் இந்த நிலைமாற்றங்களை நீங்களே வரைந்து கொடுக்கலாம்; புரோகிராமர் உள்ளீட்டை மட்டும் இணைப்பார்.

தமிழுக்கு வருவோம். எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவில் ‘கொ’ உடைவதற்குக் காரணம், கணினியில் அது ‘க’வும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் உரையைப் பிரிக்க உதவும் Intl.Segmenter இதைச் சேர்த்தே பிரிக்கும். ஆனால் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ அதிலும் உடையும். தமிழுக்குச் சொல் சொல்லாகவே அசைவு வையுங்கள், பார்க்கவும் அதுவே அழகு. வரி உயரம் 1.2 என்றால் மேல்விலங்கும் கீழ்க்கொக்கியும் வெட்டுப்படலாம், 1.5இல் தொடங்குங்கள். பொத்தான் அகலத்தையும் முதலில் தமிழை வைத்தே அளந்து பாருங்கள்.

திரை யூனிட்டி என்ற கேம் இயந்திரத்தில் ஓடுகிறதா என்று இன்றே கேளுங்கள். யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ ‘கெ’யின் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோகாது. மாறாத தலைப்புகளைப் படமாகக் கொடுத்துவிடலாம். மாறும் வரிகளுக்கு எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் போன்ற இயந்திரத்தைப் புரோகிராமர் இணைக்க வேண்டும், அல்லது அந்தத் திரையை உலாவியில் ஓட்ட வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலேயே நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.